இங்கிலீஷ் மெயில்ல கமா, செமிகோலன்: மேனேஜர் எதுக்கு வட்டம் போடுறாக?

மண்டபம் பேக்கிங் கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்துல நண்டு, கணவாய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனி ஒண்ணுல டாக்குமென்ட் வேலை பாக்குறேன். தமிழ் மீடியம், பி.காம். இங்கிலீஷ் வாசிச்சாப் புரியும், போன்ல பேசிச் சமாளிச்சிருவேன். எழுதும்போதுதான் இழுக்குது.

கொச்சியில இருந்து புது மேனேஜர் வந்திருக்காக. தங்கமான மனுசன், சத்தமே போட மாட்டாக. ஆனா வெளிநாட்டுப் பார்ட்டிக்கு நான் எழுதுற மெயிலைப் பிரிண்ட் எடுத்து, கமாவுக்கெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டு என் மேசையில வச்சுட்டுப் போயிருவாக. என்ன தப்புன்னு ஒரு வார்த்தை இருக்காது. கேக்கவும் கூச்சமா இருக்கு. எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்தது இதுதான்: மூச்சு விடுற இடத்துல கமா, கொஞ்சம் நீட்டி மூச்சு விட்டா செமிகோலன். அப்படித்தான் போடுறேன்.

வட்டம் விழுந்ததுல சிலது கீழ இருக்கு. போன்ல தமிழ் கீபோர்டுதான், அதனால இங்கிலீஷையும் தமிழ் எழுத்துலயே அடிக்கிறேன், பொறுத்துக்குங்க.

அ) "தி போட்ஸ் கேம் லேட், வீ குட் நாட் பேக் டுடே."

ஆ) "தி கிராப்ஸ் ரிசீவ்ட் ஃப்ரம் பாம்பன் திஸ் மார்னிங், ஆர் இன் தி சில் ரூம்."

இ) "அவர் சூப்பர்வைசர் செட் தட், ஐஸ் வாஸ் நாட் அவைலபிள்."

ஈ) "தி பாக்ஸஸ், விச் வேர் லீக்கிங் வேர் ரிஜெக்டட்."

உ) "வீ ஹேவ் கிராப், பாக் பே, 40 கிலோ, ஸ்க்விட், கல்ஃப் ஆஃப் மன்னார், 25 கிலோ, கட்டில்ஃபிஷ், பாக் பே, 30 கிலோ."

கடைசியில மட்டும் வட்டம் இல்ல. பக்கத்துல ஒரே ஒரு செமிகோலன் போட்டு, அதுக்குக் கேள்விக்குறியும் போட்டிருக்காக. யாராவது விளக்குங்க.

---

சாயல்குடி சந்தை:

கிராமர்லி போட்டு விடு மாப்ளே. அதுவே பாத்துக்கும்.

---

வேதாளை வீட்டு எடிட்டர்:

அது பாத்துக்காது. ஈ வாக்கியத்துல எந்தப் பெட்டி ஒழுகுச்சுன்னு அந்த சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கடைசியில வர்றேன்.

தம்பி, நான் வேதாளையில வீட்டுல இருந்தபடியே காப்பி எடிட்டிங் பாக்குறேன். கடல் சம்பந்தமான ஆராய்ச்சிக் கட்டுரைதான் நிறைய வரும், எழுதுறது பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைங்க. உங்க மேனேஜர் வட்டம் போட்டிருக்குற அதே இடத்துலதான் நானும் தினம் வட்டம் போடுறேன். இதையெல்லாம் இங்கிலீஷ் தெரியாததால வர்ற தப்புன்னு நினைக்காதீங்க. தமிழ் காதுல அழுத்தமா உக்காந்திருக்கு, அது இங்கிலீஷ்லயும் கை நீட்டுது.

மூச்சுக் கணக்கை விட்டுருங்க. உங்க வாத்தியார் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு இல்ல. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க சத்தம் போட்டு வாசிக்கிறதுக்காகவே அப்படிக் குறி போட்டாங்க. இன்னைக்கு நடப்புல இருக்குற இங்கிலீஷ்ல வாக்கியத்தோட அமைப்பைப் பாத்துத்தான் கமா. நமக்கு அந்தத் தேவை வந்ததே இல்ல. ஓலைச்சுவடியில ஏது கமா? "வந்துச்சு", "முடியல"ன்னு வினைமுற்று கடைசியில வந்து உக்காந்ததுமே வாக்கியம் முடிஞ்சதுன்னு வாசிக்கிறவனுக்குத் தெரிஞ்சு போகும். குறி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இங்கிலீஷ்ல வினை முன்னாடியே வந்துரும். "தி போட்ஸ் கேம்"னு ஆரம்பிச்சா, வாக்கியம் அங்கயே முடியலாம். "லேட்"னு போகலாம், "ஃப்ரம் பாம்பன்"னு போகலாம், "பிகாஸ்"னு இன்னும் ஒரு முழம் நீளலாம். எங்க முடியுதுன்னு குறிதான் சொல்லணும். அதனாலதான் அவங்க இதுல இவ்வளவு கறார்.

இப்ப அ. தமிழ்ல "படகு லேட்டா வந்துச்சு, இன்னைக்குப் பேக் பண்ண முடியல"ன்னு கமா போட்டு எழுதுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ்ல அது தனித்தனியா நிக்கக்கூடிய ரெண்டு முழு வாக்கியம். வெறும் கமாவால அதை ஒட்ட முடியாது. இந்தத் தப்புக்கு கமா ஸ்ப்ளைஸ்னு பேரு. சரி பண்ண மூணு வழி இருக்கு. நடுவுல முற்றுப்புள்ளி வைக்கலாம். கமாவை விட்டு வச்சு, பின்னாடி "ஸோ" சேக்கலாம். இல்லாட்டி கமாவை எடுத்துட்டு செமிகோலன்: "தி போட்ஸ் கேம் லேட்; வீ குட் நாட் பேக் டுடே."

செமிகோலன் ரெண்டு படகைக் கயிறு போட்டுக் கட்டுற மாதிரி. ரெண்டும் மொதல்ல தன்னால மிதக்கணும். அதனால செமிகோலனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்குறதைத் தனியா வாசிச்சுப் பாருங்க. ஒண்ணு அரைகுறையா நின்னா அங்க செமிகோலனுக்கு வேலை இல்ல. "பிகாஸ் தி போட்ஸ் கேம் லேட்; வீ குட் நாட் பேக்"னு எழுதினா தப்பு, முன்பாதி தானா நிக்காது. அங்க கமாதான். அதையே திருப்பிப் போட்டு "வீ குட் நாட் பேக் பிகாஸ் தி போட்ஸ் கேம் லேட்"னு எழுதினா கமாவே வேண்டாம்.

இதுல நம்ம ஆளுங்க மொத்தமா மாட்டுற இடம் "ஹௌஎவர்", "தேர்ஃபோர்". "பட்", "ஸோ" மாதிரிதான்னு நினைச்சு ரெண்டு பக்கமும் கமா போட்டுருவாங்க. இலக்கணப்படி அது ஒட்டுச்சொல்லே கிடையாது. முன்னாடி செமிகோலன் இல்லாட்டி முற்றுப்புள்ளி வேணும், பின்னாடி கமா: "தி போட்ஸ் கேம் லேட்; ஹௌஎவர், வீ பேக்ட் எவ்ரிதிங்."

ஆ. இது நூறு சதவீதம் தமிழ்க் கமா. "இன்னைக்குக் காலையில பாம்பன்ல இருந்து வந்த நண்டெல்லாம்"னு எழுவாய் நீளமாப் போனா, அங்க கமா போட்டு நிறுத்திட்டுத்தான் நாம "குளிர் ரூம்ல இருக்கு"ன்னு முடிப்போம். இங்கிலீஷ்ல எழுவாய் ஒரு பக்கத்துக்கு நீண்டாலும் சரி, அதுக்கும் வினைக்கும் நடுவுல ஒத்தைக் கமா கூடாது. எடுத்துருங்க.

இ. அதுவும் நம்ம "ன்னு" பண்ற வேலை. ஐஸ் இல்லன்னு, சொன்னாக. அந்த "ன்னு"வுக்கு அப்புறம் நாம நிக்கிறோமே, அந்த நிறுத்தத்தை "தட்"டுக்குப் பின்னாடி கொண்டுபோய் வைக்கிறோம். "தட்" அடுத்து வர்றதை இழுத்துப் பிடிக்கிற சொல், அதுக்குப் பின்னாடி கமாவுக்கு இடமே இல்ல. இந்திய மெயிலை இந்த ஒத்தைக் கமாவை வச்சே அடையாளம் கண்டுருவாங்க.

ஈ. இதுக்குத்தான் உங்க மேனேஜர் பெரிய வட்டமாப் போட்டிருக்கணும்.

"ஒழுகின பெட்டியைத் தள்ளிட்டாங்க"ன்னா, ஒழுகினது மட்டுமா, எல்லாமே ஒழுகி எல்லாத்தையும் தள்ளிட்டாங்களா? தமிழ் அதைச் சொல்லாது. பேசுற இடத்தை வச்சு நாமளே புரிஞ்சுக்குறோம். இங்கிலீஷ் அதைக் கமாவுல சொல்லிரும். "தி பாக்ஸஸ் தட் வேர் லீக்கிங் வேர் ரிஜெக்டட்": கமா இல்ல, ஒழுகினது மட்டும் போச்சு, மிச்சம் நல்லா இருக்கு. "தி பாக்ஸஸ், விச் வேர் லீக்கிங், வேர் ரிஜெக்டட்": ரெண்டு கமா, எல்லாப் பெட்டியும் ஒழுகுச்சு, எல்லாம் போச்சு. நீங்க ஒரு கமா போட்டு இன்னொண்ணை விட்டுட்டீங்க. வாங்குறவன் எப்படி வேணாலும் எடுத்துக்கலாம், அவனுக்கு லாபமானபடிதான் எடுத்துக்குவான். பணம் யார் பக்கம் போகும்னு யோசிச்சுக்குங்க.

எனக்கு வந்த ஒரு கட்டுரையில இதே கதை. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு உங்களுக்கே தெரியும். அதுல விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள்ள போயிருச்சு. அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: "தி ஐலண்ட்ஸ், விச் ஹேவ் சப்மெர்ஜ்ட், ஆர் நோ லாங்கர் சர்வேய்ட்." ரெண்டு கமா. அந்தக் கணக்குப்படி 21 தீவும் தண்ணிக்குள்ள! கமாவை எடுத்து, "விச்"சைத் "தட்"டா மாத்தினேன். 19 தீவு மேல வந்துருச்சு.

மனு எழுதுறவங்க இதைக் கட்டாயம் பாக்கணும். "தி ஃபிஷர்மென் ஹூ லாஸ்ட் தேர் போட்ஸ்"னு கமா இல்லாம எழுதினா படகு போனவங்களுக்கு நிவாரணம் கேக்குறீங்க. "ஹூ"வுக்கு முன்னாடியும் "போட்ஸ்"க்கு அப்புறமும் கமா போட்டா ஊர்ல எல்லார் படகும் போச்சுன்னு அர்த்தம். சரிபாக்க வர்ற அதிகாரி ஒரு முழுப் படகைக் கரையில பாத்தாப் போதும், மனுவே பொய்யாயிரும்.

உ. இதுக்கு உங்க மேனேஜரே விடை கொடுத்துட்டாரு. ஒவ்வொரு சரக்குக்குள்ளயும் கமா இருக்குதுல்ல, சரக்கையும் சரக்கையும் பிரிக்க செமிகோலன்: "கிராப், பாக் பே, 40 கிலோ; ஸ்க்விட், கல்ஃப் ஆஃப் மன்னார், 25 கிலோ; கட்டில்ஃபிஷ், பாக் பே, 30 கிலோ." செமிகோலனுக்கு மறுக்க முடியாத வேலைன்னா இதுதான்.

ஒரு சின்ன விஷயம், கேக்காமலே சொல்றேன். கமாவுக்கு முன்னாடி இடம் விடாதீங்க, பின்னாடி விடுங்க. நம்ம ஜெராக்ஸ் கடை டைப்பிங்ல பாதி தலைகீழாத்தான் இருக்கு.

---

தொண்டி வக்கீல்:

வேதாளை அக்கா பணம் யார் பக்கம்னு கேட்டாங்க. அமெரிக்காவுல மெய்ன்னு ஒரு மாநிலம், அதுவும் கடலோர ஊர்தான். அங்க ஓவர்டைம் சட்டத்துல ஒரு விலக்குப் பட்டியல். தம்பி பாக்குற மாதிரி வேலைதான் எல்லாம்: டப்பாவுல அடைக்கிறது, பதப்படுத்துறது, உறைய வைக்கிறது, காய வைக்கிறது, விக்கிறது, இருப்பு வைக்கிறது, "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". மீன், இறைச்சி, விளைபொருள், கெட்டுப்போற உணவு இதுல எல்லாம் இந்த வேலை பாக்குறவங்களுக்கு ஓவர்டைம் கிடையாது. "ஷிப்மென்ட்"டுக்கு அப்புறம் கமா இல்ல. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரின்னு ஒரு பால் கம்பெனியோட வண்டி டிரைவருங்க கேஸ் போட்டாங்க. நாங்க கொண்டுபோய்க் கொடுக்குறவங்க, பேக்கிங் பண்றவங்க இல்ல. இந்த வரி அனுப்புறதுக்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் பண்றதைத்தான் சொல்லுது, விநியோகத்தைத் தனி வேலையாச் சொல்லலைன்னு வாதம்.

2017ல அப்பீல் கோர்ட் டிரைவருங்க பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. கமா ஒண்ணு இல்லாததாலதான் இந்த வழக்கே வந்துச்சுன்னு தீர்ப்போட முதல் வரி. 2018ல கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமாதானம் பண்ணுச்சு. அதுக்குள்ள சட்டசபையும் அந்த வரியைத் திருத்திருச்சு. எப்படித் தெரியுமா? ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல செமிகோலன். தம்பியோட மேனேஜர் போட்ட அதே குறி.

நம்ம ஊர்லயும் உண்டு. மருந்துச் சட்டம் 27ஆம் பிரிவு, 1979ல உச்ச நீதிமன்றம். "மேனுஃபாக்சர்ஸ் ஃபார் சேல், செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்"னு அப்போ வாசகம். "ஸ்டாக்ஸ்"க்குப் பின்னாடி கமா இல்ல. அதனால சும்மா இருப்பு வச்சிருந்தா மட்டும் குற்றம் ஆகாது, விக்கிறதுக்காக வச்சிருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆனா 1952லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே. முகர்ஜி, சட்டத்துக்குப் பொருள் காண்றதுல நிறுத்தக்குறி சின்ன விஷயம்தான்னும் எழுதியிருக்காரு. ரெண்டுமே எங்க கைவசம் இருக்கு. எந்தக் கட்சிக்காரர் வர்றாரோ அதுக்குத் தக்கன எடுத்துக்குவோம்.

---

கீழக்கரை காக்கா:

எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க. ஆனா தம்பிக்கு என் யோசனை வேற. செமிகோலனே வேணாம்ப்பா.

கப்பல்ல ரேடியோ பாத்தவன் நான். தந்தியில "ஸ்டாப்"னு எழுதுவோம், அது ஒண்ணுதான் குறி. அதை வச்சே சரக்கும் போச்சு, சம்பளமும் வந்துச்சு, பிள்ளை பிறந்த சேதியும் வந்துச்சு. 2013ல இந்தியாவுல தந்தியையே நிறுத்திட்டாங்க, அது வேற கதை. மெயில் வாசிக்கிறவன் கொரியாக்காரனா இருக்கலாம், ஸ்பெயின்காரனா இருக்கலாம், அவனுக்கும் இங்கிலீஷ் ரெண்டாவது பாஷைதான். கிரேக்கத்துல பிரேயஸ் துறைமுகத்துல இறங்கினா போர்டுல எல்லாம் செமிகோலனாக் கிடக்கும். என்னடான்னு கேட்டா அவங்க ஊர்ல அதுதான் கேள்விக்குறியாம்! நீங்க "படகு லேட்; பேக் பண்ணல"ன்னு எழுதினா அவன் படகு லேட்டான்னு நம்மளையே கேக்குறான்னு நினைச்சாலும் நினைப்பான்.

சின்னச் சின்ன வாக்கியமா எழுதி முற்றுப்புள்ளி வைங்க. பட்டியல்னா வரிக்கு ஒரு சரக்கா கீழ கீழ போடுங்க. முடிஞ்சு போச்சு.

---

வேதாளை வீட்டு எடிட்டர்:

காக்கா சொல்றதுல பாதியை அப்படியே ஏத்துக்குறேன். சரக்கு மெயில்ல பட்டியல் வரிவரியா இருக்குறதுதான் நல்லது, நான் சொன்னதை விடவும் நல்லது. அ வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி போதும். வெனிஸ் நகரத்துல ஆல்டஸ் மனூஷியஸ்னு ஒரு அச்சுக்காரர் 1490கள்லதான் செமிகோலனை இப்ப இருக்குற உருவத்துல அச்சுல கொண்டுவந்தாரு. அதுக்கு முன்னாடியும் உலகம் எழுதிட்டுத்தான் இருந்துச்சு.

கமாவுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் காக்கா. தந்தியில காசுக்குப் பயந்து "விச்"சும் "ஹூ"வும் யாரும் எழுதலை, அதனால உங்களுக்குப் பிரச்சனை வரலை. மெயில்ல எழுதுறாங்க. ஒழுகின பெட்டி எத்தனைன்னு முற்றுப்புள்ளி சொல்லாது.

---

மண்டபம் பேக்கிங்:

அக்கா, காக்கா, வக்கீல் சார், சாயல்குடி மாப்ளே, எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு ஒரு மெயில் இப்படி அனுப்பினேன்:

"தி ட்ராலர்ஸ் ஆர் இன் ஹார்பர் பிகாஸ் தி ஃபிஷிங் பேன் ரன்ஸ் ஃப்ரம் 15 ஏப்ரல் டு 14 ஜூன். கன்ட்ரி போட்ஸ் ஆர் ஸ்டில் ஃபிஷிங். ஹௌஎவர், தேர் கேச் இஸ் ஸ்மால். தி பாக்ஸஸ் தட் வேர் டேமேஜ்ட் வில் பி ரீப்ளேஸ்ட்."

வட்டம் எதுவும் வரலை. கீழ ஒரு டிக் மட்டும் இருந்துச்சு.

இன்னொரு சந்தேகம், இதுவும் கமாதான். இன்வாய்ஸ்ல "1,50,000"னு போட்டேன். ஸ்பெயின் பார்ட்டி இது என்ன எண்ணுன்னு திருப்பிக் கேட்டாக. அதைச் சரி பண்ணி அனுப்பிட்டோம், இனிமே எப்படிப் போடணும்?

---

வேதாளை வீட்டு எடிட்டர்:

அவங்க கேட்டது நியாயம்தான். லட்சக் கணக்குல கமா போடுறது இங்க சுத்துவட்டாரத்துல மட்டும்தான் புரியும். வெளிநாட்டுக்கு மூணு மூணு இலக்கமாப் பிரிக்கணும், 150,000.

ஆனா ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி பக்கம் போறப்ப இன்னொரு வம்பு இருக்கு. அங்க தசமப் புள்ளிக்குப் பதிலாத்தான் கமா. நீங்க "1,250 கிலோ"ன்னு போட்டா ஒண்ணேகால் கிலோன்னு வாசிக்க இடம் இருக்கு. கணவாய்ல ஒண்ணேகால் கிலோவுக்கு யாரும் கன்டெய்னர் கேக்க மாட்டாங்கன்னாலும், விலைப் பத்தியில வந்தா வினை. அதனால ஐரோப்பா இன்வாய்ஸ்ல ஆயிரத்துக்குக் கமாவே போடாதீங்க. 1250ன்னு சேத்து எழுதுங்க, பெரிய எண்ணா இருந்தா 150 000ன்னு நடுவுல இடம் விடுங்க. மொத்தத் தொகையை எழுத்தாலயும் ஒருதடவை எழுதிருங்க, "லேக்"னு போடாம "ஒன் ஹண்ட்ரட் ஃபிஃப்டி தவுசண்ட்"னு.